மூன்றாவது கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

கடந்த கல்வியாண்டில் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கல்லூரிக் களப்பயணத்துக்காக எங்கள் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பணிமனை, கணினி ஆய்வகம், நூலகம் என்று சுற்றிவிட்டு, மதிய உணவுக்கு முன் கடைசியாக மின்னணுவியல் துறையின் மைக்ரோ அலை ஆய்வகத்துக்குள் நுழைந்தோம். ஒரு மேசையில் பித்தளைச் சதுரக் குழாய்களைத் திருகி இணைத்து வைத்திருந்தார்கள். இன்னொரு மேசையில் திரையுடன் ஒரு பெரிய பெட்டி. அது ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்றும், வருகிற சிக்னலில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி என்றும் அங்கிருந்த இளம் உதவிப் பேராசிரியை விளக்கினார். பக்கத்தில் இருந்த சிக்னல் ஜெனரேட்டர் 10 ஜிகாஹெர்ட்ஸ் அலையை அதற்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் பச்சைப் புல் தரை போல் ஒரு கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு பனைமரம் நின்றது.

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மாணவி மட்டும் மேசையைச் சுற்றிக் கருவியின் முதுகுப் பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து குரல் வந்தது.

“டீச்சர், இங்க ஐ.எஃப். அவுட் 21.4 மெகாஹெர்ட்ஸ்னு எழுதியிருக்கு. ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ்னுதானே சொன்னீங்க?”

ஐ.எஃப். என்றால் இடைநிலை அதிர்வெண். நான் வேலைக்கு வந்த ஆண்டுகளில் பிளஸ் டூ இயற்பியலில் சூப்பர்ஹெட்டிரோடைன் ஏற்பியின் கட்டப்படம் ஐந்து மதிப்பெண் வினாவாக வரும். ரேடியோ அதிர்வெண் பெருக்கி, கலப்பான், இடைநிலை அதிர்வெண் பெருக்கி, பிறகு மற்றவை. கட்டம் வரைந்து, அம்புக்குறி போட்டு, மூன்றாவது கட்டத்தின் மேல் 455 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பாடநூல் மாறிய பிறகும் தகவல் தொடர்புப் பாடம் நடத்தும்போது பழக்கத்தில் அதைப் பலகையில் வரைந்துவிடுவேன். அந்த மாணவி அதை மறக்காமல் வைத்திருக்கிறாள்.

“ரேடியோவுக்கு 455. இதுக்கு வேற. ரெண்டு அதிர்வெண்ணைக் கழிச்சா வர்றதுதான். போன வருஷம் விம்மல் படிச்சோமே, அதேதான்” என்றேன்.

உதவிப் பேராசிரியை என்னைப் பார்த்துத் தயங்கி, “மேடம், விம்மல்னு சொன்னா ஒரு சின்னச் சிக்கல் இருக்கு” என்றார். மாணவர்கள் முன்னால் என்னைத் திருத்துகிறோமே என்கிற கூச்சம் அவர் குரலில் இருந்தது. சிக்கல் சின்னதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நான் தவறாகச் சொல்லிவந்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம். என்னைப் போலவே சொல்லிக்கொண்டிருக்கும் இயற்பியல் ஆசிரியர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

விம்மலும் கலப்பும் ஒன்றல்ல

440 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றையும் 444 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றையும் சேர்த்து ஒலிக்கவிடுகிறோம். ஒலி விநாடிக்கு 4 முறை கூடிக் குறைகிறது. பதினோராம் வகுப்பில் நடத்துகிறோம், சரி. ஆனால் அந்த அறையில் 4 ஹெர்ட்ஸ் அலை என்று ஒன்று இருக்கிறதா? இல்லை. இருப்பவை இரண்டே அலைகள், 440உம் 444உம். அவை ஒன்றன்மேல் ஒன்று கூடுகின்றன, அவ்வளவுதான். 4 ஹெர்ட்ஸுக்கு மட்டும் இசைவு செய்த ஒரு பெருக்கியை அங்கே வைத்தால் அதற்கு எதுவும் கிடைக்காது. கூட்டல் எத்தனை முறை செய்தாலும் புதிய அதிர்வெண் பிறக்காது.

புதிய அதிர்வெண் பிறக்க வேண்டுமானால் பெருக்கல் நடக்க வேண்டும். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் வரும் முற்றொருமைதான்: 2 சைன் அ × சைன் ஆ = கொசைன் (அ − ஆ) − கொசைன் (அ + ஆ). இரண்டு அலைகளைப் பெருக்கினால் கூடுதல் ஒன்றும் வித்தியாசம் ஒன்றும் உண்மையாகவே பிறக்கின்றன.

இரண்டு மின்னழுத்தங்களைக் கம்பியில் கூட்டலாம். பெருக்குவது யார்? டையோடு. மின்தடையில் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் மின்னோட்டமும் இரட்டிப்பாகும். டையோடில் அப்படி இல்லை, அதன் வரைகோடு வளைந்தது. அந்த வளைவைத் தோராயமாக எழுதினால் மின்னழுத்தத்தின் வர்க்கம் ஒரு உறுப்பாக வரும். உள்ளே போவது (அ + ஆ) என்றால், வெளியே வருவதில் (அ + ஆ)² இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விடை தெரியும்: அ² + 2அஆ + ஆ². நடுவில் நிற்கும் அந்த 2அஆதான் பெருக்கல். கலப்பான் என்று கட்டப்படத்தில் நாம் எழுதுவது இதைத்தான். மறுநாள் வகுப்பில் இதைப் பலகையில் எழுதிவிட்டு, “நேத்து வரைக்கும் நான் சொன்னது தப்பு” என்றேன். மாணவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (அ + ஆ)² இங்கே எப்படி வந்தது என்பதில்தான் அவர்களுக்கு ஆச்சரியம்.

இந்த டையோடின் பூர்வீகத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1890களில் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளோடு ஆய்வு செய்த ஜகதீச சந்திர போஸ், கலீனா படிகத்தை அலை உணர்வியாகப் பயன்படுத்தி 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து ரேடார் கருவிகளில் கலப்பானாக அமர்ந்தது, சிலிக்கான் படிகத்தை மெல்லிய கம்பி முனை தொட்டுக்கொண்டிருக்கும் டையோடு. அதே குடும்பம்தான்.

ஏன் கீழே இறக்க வேண்டும்?

மாணவியின் அடுத்த கேள்வி இன்னும் நேரானது. “10 ஜிகாஹெர்ட்ஸையே பெருக்கிட வேண்டியதுதானே? எதுக்குக் கீழ இறக்கணும்?”

வரலாற்றில் இதற்கு முதல் விடை, பெருக்க முடியவில்லை என்பதுதான். முதல் உலகப் போரின்போது பாரிசில் அமெரிக்கப் படையில் இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், 1918இல் சூப்பர்ஹெட்டிரோடைன் ஏற்பியை உருவாக்கினார். அன்றைய வெற்றிடக் குழாய்கள் உயர் அதிர்வெண்ணைப் பெருக்கத் திணறின. பெருக்க முடிகிற இடத்துக்கு அலையைக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர் யோசனை. பிரான்சின் லூசியன் லெவியும் 1917லேயே இதை ஒட்டிய காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். யாருக்கு முதல் உரிமை என்று பின்னாளில் வழக்கும் நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் அதே கதை இன்னொரு மாடி மேலே நடந்தது. 1940இல் குழிவு மேக்னட்ரான் வந்து 10 சென்டிமீட்டர் அலையில், அதாவது 3 ஜிகாஹெர்ட்ஸில், ரேடார் சாத்தியமாயிற்று. அலையை அனுப்ப வழி கிடைத்துவிட்டது. திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைப் பெருக்க நல்ல குழாய் இல்லை. அதனால் கட்டப்படத்தின் முதல் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆன்டெனாவிலிருந்து வரும் அலை நேராகப் படிகக் கலப்பானுக்குப் போய், 30 அல்லது 60 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, அங்கே பெருக்கப்பட்டது. பெருக்கும் வேலை முழுவதும் மூன்றாவது கட்டத்தின் தலையில் விழுந்தது. மைக்ரோ அலைச் சோதனைக் கருவிகள் இந்த ரேடார் ஏற்பிகளின் வாரிசுகள். 30 மெகாஹெர்ட்ஸ் என்ற எண் பல பத்தாண்டுகள் அவற்றில் நிலைத்து நின்றதற்கு அதுவே காரணம்.

இப்போது 10 ஜிகாஹெர்ட்ஸை நேரடியாகப் பெருக்கும் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அப்படியும் மூன்றாவது கட்டம் போகவில்லை. காரணம் வடிகட்டுவது. இதை வகுப்பில் ஒரு வகுத்தல் கணக்காகவே செய்யலாம்.

10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒத்ததிர்வுச் சுற்றின் தரக்காரணி என்பது மைய அதிர்வெண்ணை அகலத்தால் வகுப்பது. 10 ஜிகாஹெர்ட்ஸிலேயே பிரிக்க வேண்டுமென்றால் தரக்காரணி 10,00,000 வேண்டும். அறை வெப்பநிலையில் அப்படி ஒரு சுற்றைச் செய்து, அதை விருப்பப்படி நகர்த்தவும் முடியாது. 21.4 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 2,140 போதும். கம்பிச்சுருளால் முடியாது, குவார்ட்ஸ் படிகத்தால் முடியும். 455 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 45.5. ரேடியோவுக்குள் தகரக் கூடு போட்டு நிற்கும் சின்னச் சுருளே போதும். ஒரே 10 கிலோஹெர்ட்ஸ், இடம் மாற மாறச் சுலபமாகிறது. என் மாணவர்களுக்கு நூறு வார்த்தை விளக்கம் செய்யாததை இந்த மூன்று வகுத்தல்கள் செய்தன.

அளவீட்டுக் கருவிக்கு மட்டுமே உரிய ஒரு காரணமும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ரேடியோவில் பாட்டுக் கேட்டால் போதும். சோதனைக் கருவியில் 1 ஜிகாஹெர்ட்ஸில் அளந்ததும் 2 ஜிகாஹெர்ட்ஸில் அளந்ததும் ஒரே அளவுகோலில் ஒப்பிடத் தக்கவையாக இருக்க வேண்டும். அதிர்வெண்ணுக்கு ஒரு பெருக்கி, ஒரு வடிகட்டி என்று வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும். எந்த அதிர்வெண் வந்தாலும் அதை ஒரே இடத்துக்கு இறக்கி, ஒரே பெருக்கி, ஒரே வடிகட்டி வழியாக அனுப்பினால் தராசு ஒன்றாகிவிடுகிறது. நகர்வது அலையியற்றி மட்டும். கலப்பானுக்கு முன்னால் உள்ள பாகங்களின் பிழையைத் தனியே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அளவின் நாணயம் மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது.

ஒரு படி அல்ல, பல படிகள்

21.4 எங்கிருந்து வருகிறது? ஹியூலெட் பேக்கார்டின் 8590 வரிசை அனலைசர்களை எடுத்துக்கொள்வோம். பழைய கருவிதான், ஆனால் அதன் எண்கள் பாடம் நடத்த மிகவும் வசதியானவை. ஏறத்தாழ 3 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னல்களுக்கு அதில் முதல் இடைநிலை அதிர்வெண் 3.9214 ஜிகாஹெர்ட்ஸ். இறக்குவதற்குப் பதில் முதலில் மேலே ஏற்றுகிறார்கள்! அடுத்தது 321.4 மெகாஹெர்ட்ஸ், அதற்கடுத்தது 21.4 மெகாஹெர்ட்ஸ். மாணவர்களிடம் இந்த எண்களைக் கொடுத்துக் கழிக்கச் சொல்லுங்கள். 3921.4இலிருந்து 321.4 போனால் 3600. 321.4இலிருந்து 21.4 போனால் 300. இரண்டும் முழு எண்கள், முன்னது பின்னதைப்போல் 12 மடங்கு. நிலையான அலையியற்றிகளை ஒழுங்கான எண்ணில் வைத்துக்கொண்டதால் தசமங்கள் இடைநிலை அதிர்வெண்ணில் போய் ஒட்டிக்கொண்டன.

முதலில் மேலே ஏற்றுவது பிம்ப அதிர்வெண்ணுக்குப் பயந்து. கலப்பானுக்குக் கழிக்கத் தெரியும், யாரிலிருந்து யாரைக் கழிக்கிறோம் என்று தெரியாது. அலையியற்றி 10.03 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால், 10.00 வந்தாலும் 30 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும், 10.06 வந்தாலும் 30 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். கீழே இறங்கிய பிறகு இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. அளக்கும் கருவியில் இது பெரிய ஆபத்து. இல்லாத சிக்னலை இருப்பதாகத் திரை காட்டும்.

முதல் இடைநிலை அதிர்வெண் 3.9214 என்றால், 1 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பார்க்க அலையியற்றி 4.9214இல் நிற்கும். அதன் பிம்பம் 8.8428 ஜிகாஹெர்ட்ஸில், எங்கோ தொலைவில். வாசலில் ஒரு சாதாரண வடிகட்டி வைத்து அதைத் தடுத்துவிடலாம். எங்கள் 10 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் சிக்னல்களுக்கு இந்த ஏற்றம் செல்லாது. அவற்றை நேராக 321.4க்கு இறக்குவார்கள். அப்போது வாசலில் காவலுக்கு நிற்பது யிக் எனப்படும் இட்ரியம் இரும்பு கார்னெட்டால் ஆன ஒரு சின்னக் கோளம். காந்தப்புலத்தை மாற்றினால் அதன் ஒத்ததிர்வு நகரும்.

பல படிகளாகப் பிரிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பினால் என்ன நடக்கும் என்று எல்லாப் பள்ளியிலும் தெரியும். வெளியே போன ஒலி கொஞ்சம் திரும்பி உள்ளே வந்து, மறுபடி பெருகி, ஊளையிடும். பெருக்கிகளுக்கும் இதே நோய் உண்டு. திறனை 100 டெசிபல் பெருக்குவது என்றால் ஆயிரம் கோடி மடங்கு. வெளியீட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு காற்று வழியாகவோ மின்கலக் கம்பி வழியாகவோ உள்ளே கசிந்தாலே பெருக்கி அலையியற்றியாகிவிடலாம். பெருக்கத்தை மூன்று வெவ்வேறு அதிர்வெண்களில் பங்கிட்டுக் கொடுத்தால், 21.4இல் இருப்பது 321.4இன் வாசலுக்குக் கசிந்தாலும் அங்கே யாரும் கதவு திறக்கமாட்டார்கள். சுற்றுக்குச் சுற்று உலோகச் சுவர் எழுப்பி அறை அறையாகப் பிரித்து வைப்பதும் இதற்காகத்தான்.

புல் உயர்ந்தது, மரம் அசையவில்லை

அன்று ஆய்வகத்தில் உதவிப் பேராசிரியை இரண்டு சோதனைகள் காட்டினார். வாய்ப்புக் கிடைக்கும் ஆசிரியர்கள் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவை.

முதலாவது. கருவியின் வாசலில் சிக்னலைக் குறைக்கும் தணிப்பான் ஒன்று இருக்கிறது. அதை 10 டெசிபலிலிருந்து 20 டெசிபலுக்கு மாற்றினார். சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மரம் குள்ளமாக வேண்டுமல்லவா? ஆகவில்லை. அப்படியே நின்றது. மாறாகப் புல் தரை மேலே எழுந்தது. வகுப்பே குழம்பியது.

நடந்தது இதுதான். தணிப்பான் 10 டெசிபல் குறைத்ததும், திரையில் அளவு மாறாமல் இருக்க, கருவி தானாகவே இடைநிலை அதிர்வெண் பெருக்கியை 10 டெசிபல் கூட்டிவிடுகிறது. மரம் குறைந்து கூடிப் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. புல்லோ கருவிக்குள்ளேயே, தணிப்பானுக்குப் பின்னால் முளைத்த இரைச்சல். அது குறையவே இல்லை, கூடியது மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது கட்டம் வேலை செய்வதை இவ்வளவு கண்கூடாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது. சிக்னல் ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வந்தார். மரம் புல்லுக்குள் மூழ்கி மறைந்தது. பிறகு இடைநிலை அதிர்வெண் வடிகட்டியின் அகலத்தை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாக 10 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கினார். புல் தரை இறங்க, உள்ளே இருந்த மரம் வெளியே வந்தது. சிக்னலை யாரும் தொடவில்லை.

இதன் கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. போல்ட்ஸ்மன் மாறிலியை 290 கெல்வினால் பெருக்கினால் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 4 × 10⁻²¹ வாட் வெப்ப இரைச்சல். 1 மெகாஹெர்ட்ஸ் அகலக் கதவைத் திறந்து வைத்தால் 4 × 10⁻¹⁵ வாட் உள்ளே வரும். 10 கிலோஹெர்ட்ஸாக ஒடுக்கினால் நூறில் ஒரு பங்கு, அதாவது 20 டெசிபல் குறைவு. சிக்னலோ ஒரே அதிர்வெண்ணில் நிற்பது, கதவு எவ்வளவு ஒடுங்கினாலும் அதற்கு இடம் உண்டு. கதவை ஒடுக்கினால் வடிகட்டி ஒவ்வொரு இடத்திலும் நிதானமாக நிற்க வேண்டியிருப்பதால் திரை வரைய நேரம் எடுக்கும். மாணவர்கள் அதையும் கவனித்து, “ஸ்லோ ஆயிடுச்சு மேடம்” என்றார்கள்.

கருவியே சேர்க்கும் இரைச்சல் தனிக் கணக்கு. படிகக் கலப்பான் பெருக்காது. உள்ளே வந்ததில் நாலில் ஒரு பங்கை, ஏறத்தாழ 6 டெசிபல் இழப்போடு, கீழே தருவது அதற்குச் சாதாரணம். பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃபிரிஸ் 1944இல் தந்த சூத்திரப்படி, முன்கட்டம் நன்றாகப் பெருக்கினால் பின்கட்டத்தின் இரைச்சல் மறைந்துவிடும். முன்கட்டம் இழப்பதாக இருந்தால், பின்கட்டத்தின் இரைச்சல் அத்தனையும் முன்னால் வந்து நிற்கும். கலப்பான் 6 டெசிபல் இழந்து, அதையடுத்த பெருக்கி 1.5 டெசிபல் இரைச்சல் சேர்த்தால், மொத்தம் ஏறத்தாழ 7.5. ரேடார் காலத்துப் பொறியாளர்கள் இடைநிலை அதிர்வெண் பெருக்கியின் முதல் குழாய்க்காக அவ்வளவு மெனக்கெட்டது இதனால்தான்.

திரையில் எட்டுக் கட்டங்களில் 80 டெசிபல் தெரிவதற்கும் இந்தப் பெருக்கியே பொறுப்பு. 80 டெசிபல் என்றால் திறனில் பத்துக் கோடி மடங்கு, மின்னழுத்தத்தில் பத்தாயிரம் மடங்கு. நேர்கோட்டு அளவில் பெரிய சிக்னல் 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் சின்னது 0.01 மில்லிமீட்டர். யார் கண்ணுக்குத் தெரியும்? எனவே மடக்கைப் பெருக்கி ஒன்றைக் கட்டினார்கள். சிறு பெருக்கிகளை வரிசையாக நிறுத்தி, சிக்னல் வளர வளரக் கடைசிப் பெருக்கி முதலில் நிறைவுற்று நின்றுவிட, அடுத்து அதற்கு முந்தையது, என்று பின்னிருந்து ஒவ்வொன்றாக ஓயும்படி அமைத்து, எல்லாவற்றின் வெளியீட்டையும் கூட்டினால் மடக்கை வளைகோட்டுக்கு மிக அருகில் வரும். இப்போது வரும் கருவிகளில் இடைநிலை அதிர்வெண்ணையே எண்ணாக மாற்றி, வடிகட்டுவதையும் மடக்கை எடுப்பதையும் கணிப்பானிடம் விட்டுவிடுகிறார்கள். எண்ணாக மாற்றும் சில்லுக்குமுன் சிக்னலைச் சரியான அளவுக்குக் கொண்டுவர ஒரு பெருக்கி இன்னும் நிற்கிறது.

திருகு அளவியால் டெசிபல்

இந்த விஷயத்தைத் தேடிப் படித்தபோது என்னை மிகவும் மகிழ்வித்தது ஒரு பித்தளைக் குழாய். ஒரு மைக்ரோ அலை உறுப்பு சிக்னலை எத்தனை டெசிபல் குறைக்கிறது என்று மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். 10 ஜிகாஹெர்ட்ஸில் நம்பகமான அளவுகோல் செய்வது கடினம். 30 மெகாஹெர்ட்ஸில் சுலபம். வட்டக் குழாய்க்குள் அதன் வெட்டு அதிர்வெண்ணைவிட மிகக் குறைந்த அதிர்வெண்ணை விட்டால் அது பரவாது, அடுக்குக்குறி விதிப்படி தேயும். எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதைக் குழாயின் விட்டமே ஏறக்குறைய முழுமையாகத் தீர்மானிக்கிறது. இதற்குப் பயன்படுத்தும் அலைவகையில், விட்டத்தின் அளவுக்கு நகர்ந்தால் சுமார் 32 டெசிபல். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை எடுத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு டெசிபல். நம் ஆய்வகத் திருகு அளவி 0.01 மில்லிமீட்டர் காட்டும், ஆக 0.01 டெசிபல்.

அளப்பது பதிலீட்டு முறையில். உறுப்பு வழியாகச் சிக்னலை விட்டு, 30 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, இந்தக் குழாய்த் தணிப்பான் வழியாக இடைநிலை அதிர்வெண் பெருக்கிக்கு அனுப்பி, மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். உறுப்பை எடுத்துவிட்டால் முள் ஏறும். முள் பழைய இடத்துக்கு வரும்வரை குழாய்க்குள் உள்ள தண்டை நகர்த்துகிறார்கள். நகர்ந்த நீளமே விடை. பெருக்கி எவ்வளவு பெருக்குகிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, இரண்டு முறையும் ஒரே அளவு பெருக்கினால் போதும். தராசுத் தட்டில் பொருளை எடுத்துவிட்டு அதே இடத்தில் படிக்கல் வைப்பதுபோல. கலப்பான் மட்டும் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும். அதற்காக அலையியற்றியைவிடச் சிக்னலை மிகவும் தாழ்த்தியே வைப்பார்கள்.

இரண்டு ரேடியோ

அனலைசர் எல்லாம் நம் பள்ளிக்கு வராது. பழைய இரண்டு மீடியம் வேவ் ரேடியோ போதும். இப்போது வரும் ஒற்றைச் சில்லு ரேடியோக்களில் இடைநிலை அதிர்வெண் வேறாக இருக்கும், எனவே முள் நகரும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களையே தேடுங்கள். நான் ஒன்றை என் மாமனார் வீட்டுப் பரணிலிருந்தும், இன்னொன்றைப் பள்ளிக்கு அருகே மிதிவண்டி பழுதுபார்க்கும் அண்ணனிடமிருந்தும் வாங்கினேன்.

ஒன்றில் உங்கள் ஊரில் கேட்கும் வானொலி நிலையத்தை வையுங்கள். எங்கள் பக்கம் திருநெல்வேலி, 1197 கிலோஹெர்ட்ஸ். அதிலிருந்து 455ஐக் கழிக்க 742. இரண்டாவது ரேடியோவை ஒலியே இல்லாமல் பக்கத்தில் வைத்து, அதன் முள்ளை 742ஐ ஒட்டி மெல்ல மெல்லத் திருப்புங்கள். அதற்குள் இருக்கும் அலையியற்றி, தான் கேட்கும் அதிர்வெண்ணைவிட 455 கூடுதலாக ஓடுவதால், 1197ஐ நெருங்கும். முதல் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலின் நடுவே ஒரு சீழ்க்கை கிளம்பி, கீச்சென்று தொடங்கித் தாழ்ந்துகொண்டே வந்து, மௌனமாகி, மறுபக்கம் மறுபடி ஏறும். இங்கே அந்தச் சீழ்க்கை உண்மையான புதிய அதிர்வெண், முதல் ரேடியோவின் டையோடு பெற்றெடுத்தது. பக்கத்திலேயே 440, 444 இசைக்கவைகளையும் ஒலிக்கவிட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர்களை எழுதச் சொன்னேன்.

முதுகுப் பக்கம் போய்ப் பார்த்த அந்த மாணவி ரேடியோவின் பின்மூடியையும் கழற்றிவிட்டாள். உள்ளே தகரக் கூட்டோடு வரிசையாக நின்ற சின்னச் சதுரங்களைத் தொட்டு, “இதுதானே டீச்சர் மூணாவது கட்டம்?” என்று கேட்டாள். மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலையோடு இருந்த மூன்றையும் காட்டி ஆமாம் என்றேன். பக்கத்தில் சிவப்புத் தலையோடு இருந்தது மட்டும் அலையியற்றியின் சுருள். திருகாணியை எடுத்து அவற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். அண்ணனுக்கு ரேடியோவை வேலை செய்யும் நிலையில் திருப்பித் தர வேண்டியிருந்தது.